வாசகர் கேள்விகள்: பாலைவனம் வெறும் மணலா?

சென்ற இதழில் வெளியான தார்ப் பாலைவனக் கட்டுரையைப் படித்து வாசகர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து சில கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: கடந்த டிசம்பரில் குடும்பத்துடன் ஜெய்சல்மேர் சென்று, சாம் மணற்குன்றுகளில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தோம். சவாரி ஒட்டகங்களையும் தெருநாய்களையும் தவிர எந்த உயிரினமும் கண்ணில் படவில்லை. நீங்களோ அங்கே உயிரினங்கள் நிறைந்திருப்பதாக எழுதுகிறீர்கள். எதை நம்புவது? (வாசகர், சேலம்)

பதில்: நீங்கள் பார்த்ததும் உண்மை, நான் எழுதியதும் உண்மை. இடம், நேரம், பருவம் ஆகிய மூன்றுமே உங்களுக்கு வாய்க்காமல் போய்விட்டன.

முதலில் இடம். தார் என்றதும் சுற்றுலாச் சுவரொட்டிகளில் வரும் அலையலையான மணற்குன்றுகள்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. ஏறத்தாழ இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில், இந்தியாவிலும் பாகிஸ்தானிலுமாக விரிந்து கிடக்கும் அந்த நிலத்தில் நகரும் மணற்குன்றுகள் ஒரு பகுதி மட்டுமே. மற்றவை சரளைக்கல் பரவிய சமவெளிகள், பாறைத் திட்டுகள், உப்புப் பூத்த பள்ளங்கள், அங்குள்ளோர் 'சேவன்' என்றழைக்கும் புல் குத்துக்குத்தாக முளைத்த மேய்ச்சல் நிலங்கள். சிங்காரா மானும், பாலைவன நரியும், கானமயில் என்ற பெரிய தரைப்பறவையும் பெரும்பாலும் அந்தச் சமவெளிகளிலும் புல்வெளிகளிலும்தான் வாழ்கின்றன. ஜீப்புகளும் ஒலிபெருக்கிகளும் சூழ்ந்த சாம் குன்றின் உச்சியில் நின்றுகொண்டு காட்டுயிரைத் தேடுவது, ஞாயிற்றுக்கிழமை மாலை மெரினாவுக்குப் போய்க் கடலாமை முட்டையிடுவதைப் பார்க்க நினைப்பதைப் போன்றது.

அடுத்தது நேரம். பாலைவன உயிர்களில் மிகப் பல வெயிலைத் தாங்கிக்கொள்பவையல்ல, வெயிலுக்கு ஒளிந்துகொள்பவை. 2016 மே 19 அன்று அந்நிலத்தைச் சேர்ந்த பலோடியில் 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. அது நிழலில் அளக்கும் காற்றின் வெப்பம். வெயில் படும் மணலின் மேற்பரப்பு அதைவிடக் கடுமையாகக் கொதிக்கும். ஆயினும் முழங்கை ஆழத்துக்குக் கீழே அந்தக் கொதிப்பு இறங்குவதில்லை. வளைக்குள் காற்றில் ஈரமும் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆகவே ஜெர்பில் எலிகள், பாலைவனப் பூனை, நரி, பாம்பு, தேள் என அங்குள்ள சிற்றுயிர்க் கூட்டத்தில் பெரும்பகுதி பகலில் தரைக்கு அடியிலும் புதர் நிழலிலும் முடங்கிக் கிடந்து, வெயில் தாழ்ந்த பிறகே வெளியே வருகிறது. விடியற்காலையில் யாரும் மிதிக்காத ஒரு குன்றின் சரிவைப் பார்த்தால், வண்டு நடந்த தையல் போன்ற கோடும், எலி தத்திய இரட்டைப் புள்ளிகளும், நரியின் நேர்க்கோட்டு நடையும் முந்தைய இரவின் நடமாட்டத்தை அப்படியே காட்டும். எட்டு மணிக்கு மேல் காற்று எழும்பினால் அவை அழிந்துவிடும்.

பருவத்துக்கு ஒரு சான்றாக, நானே பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதக் காலையில், பாலைவனத் தேசியப் பூங்காவை ஒட்டிய சரளை நிலத்தில், ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் என்னை ஒரு கேர்ப் புதரின் அருகே அசையாமல் உட்காரச் சொன்னார். இலையே இல்லாத அந்தப் புதர் முழுவதும் செந்நிறப் பூக்கள் மலர்ந்திருந்தன. பத்தடி தூரத்தில் கையகலத் துளையொன்று இருந்தது. அரைமணி நேரம் கழித்து அதிலிருந்து சாம்பல் படிந்த கரிய தலையொன்று எட்டிப் பார்த்தது. பின்னர் ஒரு முழம் நீளமுள்ள முள்வால் பல்லி மெல்ல வெளியே வந்து, உடலைப் பட்டையாக விரித்து வெயிலில் படுத்துக்கொண்டது. சூடேற ஏற அதன் கருமை வெளிறி மணல் நிறத்துக்கு மாறியதை நான் கண்ணெதிரே கண்டேன். அதன் பிறகே அது நகர்ந்து சென்று, ஆடு மேய்வதைப் போலப் புல்லைக் கடித்துத் தின்னத் தொடங்கியது. 'சாண்டா' என்று அங்கே வழங்கப்படும் இந்தப் பல்லி பெரும்பாலும் தாவர உணவையே உண்பது. வானில் வல்லூறு ஒன்றின் நிழல் ஓடியதும் ஒரே பாய்ச்சலில் வளைக்குள் புகுந்து, முள் நிறைந்த வாலால் வாயிலை அடைத்துக்கொண்டது. நீங்கள் சென்ற டிசம்பரில் அதே துளை மண்ணால் மூடப்பட்டிருக்கும். உள்ளே அது குளிர்கால உறக்கத்தில் இருந்திருக்கும். நீங்கள் அதன் தலைக்கு மேலேயே நடந்து போயிருக்கவும் கூடும்.

ஜூலையில் முதல் மழை விழுந்ததும் அதே நிலத்தில் புதைந்து கிடந்த தவளைகள் மேலே வந்து கத்தும். பட்டுப்பூச்சிகள் (பட்டுநூல் தருபவை அல்ல, வெல்வெட் போன்ற மேனியுடைய சிறு சிவப்புப் பூச்சிகள்) குங்குமம் சிந்தியதைப் போல மணலில் ஊரும். சங்கப் பாடல்களில் 'மூதாய்' எனக் கார்காலத்துக்கு அடையாளமாக வருபவையும் இத்தகைய சிவந்த பூச்சிகளே. ராஜஸ்தானத்துப் பெண்கள் கொண்டாடும் தீஜ் திருநாளின் பெயரே இப்பூச்சியிலிருந்து வந்தது என்று சொல்வார்கள்.

கேள்வி: தண்ணீரே இல்லாத இடத்தில் இவை எப்படி வாழ்கின்றன? ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருப்பதாக என் பேத்தியின் ஆசிரியை சொல்கிறார். (வாசகி, கும்பகோணம்)

பதில்: திமிலில் இருப்பது கொழுப்பு. கொழுப்பு எரியும்போது அதன் எடையைவிடச் சற்று அதிகமான நீர் உண்டாவது உண்மை. எனினும் அதை எரிக்கத் தேவையான உயிர்வளிக்காக மூச்சு விடும்போது வெளியேறும் ஈரம் அந்த வரவை விழுங்கிவிடுவதால், திமிலைத் தண்ணீர்த் தொட்டியாகக் கருத இடமில்லை. அது பட்டினிக் காலத்துக்கான சேமிப்பு. அந்தக் கொழுப்பு உடல் முழுவதும் பரவிப் போர்வையாகாமல் முதுகின் மேல் ஒரே இடத்தில் திரண்டிருப்பதால், மற்ற பகுதிகளின் வழியே உடற்சூடு தடையின்றி வெளியேற முடிகிறது.

ஒட்டகத்தின் உண்மையான சூழ்ச்சி வேறு. 1950களில் சகாராவில் ஒட்டகங்களை ஆராய்ந்த நட் ஷ்மிட் நீல்சன் என்ற உடலியல் அறிஞர், நீர் கிடைக்காத ஒட்டகம் தன் உடல் வெப்பத்தை விடியற்காலையில் சுமார் 34 டிகிரிக்கு இறங்கவும், மாலையில் 40 டிகிரிக்கு மேல் ஏறவும் விட்டுவிடுகிறது என்று காட்டினார். மனிதருக்கு 40 டிகிரி என்றால் மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும். ஒட்டகமோ அந்தச் சூட்டை வியர்த்துத் தணிக்காமல் இரவுக் குளிர் வரும்வரை உடலிலேயே வைத்திருந்து, வியர்வையாகப் போகவேண்டிய பல லிட்டர் நீரை மிச்சப்படுத்திக்கொள்கிறது. உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு நீராகக் குறைந்தாலும் அது பிழைத்திருக்கும். பிறகு நீர் கிடைத்தால் பத்து நிமிட அளவில் 100 லிட்டர் வரை குடித்துவிடும். மற்ற பாலூட்டிகள் பலவும் அவ்வாறு குடித்தால் சிவப்பணுக்கள் ஊதி வெடிக்கக்கூடும். ஒட்டகத்தின் சிவப்பணுக்கள் முட்டை வடிவில் அமைந்து, அந்த வீக்கத்தைத் தாங்குகின்றன.

எலிகளின் கணக்கு வேறு விதமானது. தார் நிலத்தின் பாலைவன ஜெர்டு எலி தண்ணீர் குடிக்காமலேயே வாழக்கூடியது. அது தின்னும் விதைகளிலும் தழைகளிலும் உள்ள ஈரமும், அவை செரித்து எரியும்போது உடலுக்குள் உண்டாகும் நீரும் அதற்குப் போதும். ஏனெனில் அதன் சிறுநீரகம் கழிவை மிகக் கெட்டியாக்கி, மிகக் குறைந்த நீரோடு வெளியேற்றிவிடுகிறது. சிங்காரா மானும் தழையிலும் பனியிலும் கிடைக்கும் ஈரத்தைக் கொண்டே நெடுநாள் சமாளிக்கும்.

இவற்றுள் எனக்கு மிகப் பிடித்தது கல்கௌதாரி. இது உலர்ந்த விதைகளையே தின்பதால் நாள்தோறும் நீர்நிலைக்குப் பறந்து சென்று குடித்தாக வேண்டும். குஞ்சுகளால் பறக்க முடியாது என்பதால், தந்தைப் பறவை நீரில் இறங்கி வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு கூட்டுக்குத் திரும்புகிறது. குஞ்சுகள் அந்த இறகுகளை அலகால் கோதி நீரை உறிஞ்சுகின்றன. ஆப்பிரிக்காவின் நமாக்வா கல்கௌதாரியில் இதை அளந்து பார்த்தபோது, ஒரு பறவை சுமார் 25 மில்லிலிட்டர் நீரைச் சுமப்பது தெரியவந்தது. சுருள் சுருளான இறகு நுனிகள் நனைந்ததும் விரிந்து பஞ்சுபோல நீரைப் பிடித்துக்கொள்கின்றன. நம் செவ்வயிற்றுக் கல்கௌதாரி தாரில் மட்டுமல்லாமல் தமிழ்நாட்டின் வறண்ட மேய்ச்சல் நிலங்களிலும் இருக்கிறது என்பதை உங்கள் பேத்தியிடம் சொல்லுங்கள். ஆசிரியையிடம் திமிலைப் பற்றி மெதுவாகச் சொல்லலாம்.

கேள்வி: மணலில் நீந்தும் பல்லி இருக்கிறதாமே? பாம்புகளும் உண்டா? (ஒன்பதாம் வகுப்பு மாணவர், விருதுநகர்)

பதில்: உண்டு. மணல்மீன் என்றே அதற்குப் பெயர். சிறுத்த கால்களை உடைய அந்த அரணை மேல்மணலுக்குச் சற்றுக் கீழே நெளிந்து செல்லும்போது, மேலே அலையலையான கோடு விழும். இன்னொரு பல்லி தேரைத் தலையோடு தட்டையாக இருக்கும். 1971 போரில் பெயர்பெற்ற லோங்கேவாலாவின் பெயரையே அதன் அறிவியல் பெயரில் சூட்டியிருக்கிறார்கள். ஆபத்து வந்தால் அது ஓடுவதில்லை. உடலைப் பக்கவாட்டில் நடுக்குகிறது. சல்லடையில் மாவு இறங்குவதைப் போல மணல் இருபுறமும் விலக, கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடுகிறது.

பாம்புகளில் சுருட்டை விரியனைச் சொல்ல வேண்டும். உங்கள் மாவட்டத்திலும் இருக்கக்கூடிய பாம்பு அது. மிரண்டால் உடலைச் சுருட்டி, ரம்பப் பல் போன்ற செதில்களை ஒன்றோடொன்று உரசிச் சரசரவென ஒலி எழுப்பும். மூச்சைச் சீறி ஈரத்தை வீணாக்காமல் எச்சரிக்க வறண்ட நிலத்தில் இது உதவியிருக்கலாம் என்று கருதப்படுகிறது. அந்த ஒலியைக் கேட்டால் நின்ற இடத்திலிருந்து பின்வாங்கிவிடுங்கள், நஞ்சு கடுமையானது.

கேள்வி: கானமயிலைக் காப்பாற்ற இவ்வளவு செலவு ஏன்? மின்கம்பிகள்கூடத் தெரியாத பறவையை யார்தான் காப்பாற்ற முடியும்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கேள்வியின் இரண்டாம் பகுதி சற்றுக் கடுமையானது. கானமயிலின் கண்கள் தலையின் இருபக்கங்களிலும் அமைந்தவை. புல்லில் நடந்துகொண்டே நாற்புறமும் எதிரியைக் கவனிக்க அந்த அமைப்பு ஏற்றது. ஆனால் பறக்கும்போது நேர் எதிரே தெரியும் பரப்பு குறுகலாக இருக்கும், தரையைப் பார்க்கத் தலையைத் தாழ்த்தினால் முன்பக்கம் மறைந்தே போகும். வானத்தில் குறுக்கே எதுவுமில்லாத நிலத்தில் எத்தனையோ தலைமுறைகள் வாழ்ந்த பறவைக்கு அதனால் தீங்கு நேரவில்லை. ஆண் பறவை 15 கிலோவரை எடை கொண்டது. கம்பியை அருகில் கண்ட பிறகு திடீரென்று திரும்ப அதனால் இயலாது.

ஒரு காலத்தில் தமிழ்நாடு உட்பட நாட்டின் வறண்ட சமவெளிகள் பலவற்றில் இது இருந்தது. வேட்டையும், மேய்ச்சல் நிலங்கள் வயல்களானதும் எண்ணிக்கையைக் குறைத்தன. இன்று 150க்கும் குறைவான பறவைகளே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஜெய்சல்மேர் மாவட்டத்தில் உள்ளன. பெண் பறவை பொதுவாக ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையை வெறுந்தரையில் இடுகிறது. அதை நாயோ நரியோ எடுத்துவிட்டால் அந்த முயற்சி வீணாகிவிடுகிறது. இத்தகைய இனத்தில் வளர்ந்த பறவை ஒன்று கம்பியில் மோதி இறப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எண்ணிப் பாருங்கள்.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கானமயில் வாழும் பகுதிகளில் மின்தடங்களைப் பூமிக்கடியில் கொண்டு செல்ல உத்தரவிட்டது. சூரிய மின்சாரத் திட்டங்கள் பெருகிவரும் நிலப்பரப்பு அதுவே என்பதால் எதிர்ப்பு எழுந்தது. 2024 மார்ச்சில் அந்தப் பொதுவான உத்தரவைத் திருத்தி, நிபுணர் குழுவின் ஆய்வுக்கு நீதிமன்றம் விட்டது. இதற்கிடையே 2019இல் காட்டிலிருந்து முட்டைகளைச் சேகரித்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் திட்டத்தை இந்தியக் காட்டுயிர் நிறுவனம் தொடங்கியது. சாமிலும் ராம்தேவ்ராவிலும் மையங்கள் இயங்குகின்றன. 2024 அக்டோபரில் செயற்கை முறைக் கருவூட்டல் மூலம் முதல் குஞ்சு பிறந்தது. மையத்தில் பறவைகள் பெருகுவது மகிழ்ச்சிக்குரியதே. அவற்றைத் திறந்துவிடப் புல்வெளி வேண்டும் என்பதுதான் என் கவலை. அரசு ஆவணங்களில் 'தரிசு' என்று பதிவான நிலத்தைச் சுலபமாக எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருக்கும்வரை, செலவு செய்யும் பணத்துக்கு முழுப் பலன் கிடைக்காது.

கேள்வி: இந்திரா காந்தி கால்வாய் பாலைவனத்துக்கு நீர் கொண்டுவந்ததே, அதனால் காட்டுயிர்கள் பெருகியிருக்க வேண்டுமல்லவா? (ஓய்வுபெற்ற பொறியாளர், திருச்சி)

பதில்: பெருகின, ஆனால் வேறு உயிர்கள். 1958இல் பணி தொடங்கி, பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து ஏறத்தாழ 650 கிலோமீட்டர் நீண்டு, 1980களின் பிற்பகுதியில் ஜெய்சல்மேர் மாவட்டத்தை எட்டிய அந்தக் கால்வாய், லட்சக்கணக்கான மக்களின் குடிநீருக்கும் வேளாண்மைக்கும் ஆதாரமாயிற்று என்பதில் ஐயமில்லை. குடத்தோடு பல மைல் நடந்த பெண்களிடம் போய்க் கால்வாய் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது.

காட்டுயிரைப் பொறுத்தவரை, ஈரம் வந்த இடத்தில் ஈரத்தை விரும்புபவை வந்தன. நீல்காய் மானும் காட்டுப்பன்றியும் வயல்களைத் தேடிப் பரவின. நீர்க்கசிவால் உண்டான குட்டைகளில் வாத்துகளும் உள்ளான்களும் இறங்கின. கொசுவும் பெருகி, மலேரியா பரவியது. வறண்ட மணலுக்குப் பழகிய எலியினங்கள் பின்வாங்க, பாசன நிலத்து எலிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பட்டியலில் மொத்த இனங்களின் எண்ணிக்கை கூடியிருக்கலாம். எனினும் அப்படி வந்தவை இந்தியாவின் பல பகுதிகளிலும் வாழ்பவை, விலகியவையோ வேறெங்கும் போக இடமில்லாதவை. பொறியாளரான உங்களுக்குச் சராசரியை மட்டும் வைத்து முடிவெடுப்பதில் உள்ள குறை புரியும்.

கேள்வி: எங்கள் தேரிக்காடும் பாலைவனம்தானா? (வாசகர், திருச்செந்தூர்)

பதில்: இல்லை. ஆண்டு மழை 250 மில்லிமீட்டருக்குக் குறைவாக உள்ள நிலத்தையே பொதுவாகப் பாலைவனம் என்கிறோம். உங்கள் மாவட்டத்தில் 600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. தேரி என்பது காற்று குவித்த செம்மணல் மேடு. மழை இறங்கியதும் மணல் அதைச் சட்டென்று கீழே விட்டுவிடுவதால் மேற்பரப்பு வறண்டு, பாலைபோலத் தோன்றுகிறது. ஆயினும் விடியற்காலையில் மணலில் தடம் பார்க்கும் கலையைப் பழகத் தேரியைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் குறைவு.

கேள்வி: ராஜஸ்தானின் 'கேஜ்ரி' மரம் நம் ஊர் வன்னிதான் என்கிறார்களே, உண்மையா? அங்கும் சீமைக்கருவேலம் உண்டா? (வாசகி, விருத்தாசலம்)

பதில்: இரண்டும் உண்மை. கோயில்களில் தலமரமாக நாம் வணங்கும் வன்னியே அங்கு மாநில மரம். கடுங்கோடையில் மற்றவை காய்ந்து நிற்கும்போது ஆழத்தில் இறங்கிய வேரின் பலத்தால் புதுத் தழை விடும். அந்தத் தழைதான் ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் மானுக்கும் உணவு. அதன் காயைச் 'சாங்ரி' என்று மனிதரும் சமைக்கிறார்கள். கிளைகளில் கழுகுகள் கூடு கட்டுகின்றன, அடியில் எலிகள் வளை தோண்டுகின்றன. நிழலில் கம்புகூட நன்றாக விளைகிறது. 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில், இம்மரங்களை வெட்ட வந்த அரசனின் ஆட்களைத் தடுக்க அம்ரிதா தேவியின் தலைமையில், மரங்களையும் விலங்குகளையும் காப்பதைச் சமய நெறியாகக் கொண்ட பிஷ்னோய் மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து நிற்க, 363 பேர் உயிரிழந்தனர். இன்றும் பிஷ்னோய் கிராமங்களின் வயலோரம் சிங்காராவும் வெளிமானும் மனிதரைக் கண்டு மிரளாமல் மேய்கின்றன.

சீமைக்கருவேலம் அங்கே 'விலாயதி பபூல்'. விடுதலைக்கு முன்பே ஜோத்பூர் சமஸ்தானம் அதைப் பசுமைக்காகப் பரப்பியது. திறந்த புல்வெளி தேவைப்படும் உயிர்களுக்கு அது பெரும் இடையூறு. அங்குள்ள முதியவர்கள் அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் ராமநாதபுரத்தில் நிற்பதாகவே தோன்றும்.

கேள்வி: உலகின் மற்றப் பாலைவனங்களிலும் இப்படியா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: ஒவ்வொன்றும் தன் வழியைக் கண்டிருக்கிறது. மழைக்குப் பதில் கடல்மூடுபனி வரும் நமீப் பாலைவனத்தில், ஒருவகை வண்டு விடியற்காலையில் குன்றின் முகட்டில் ஏறித் தலைகீழாக நிற்கிறது; முதுகில் படியும் பனித்துளி வழிந்து வாய்க்கு வருகிறது. சகாராவின் வெள்ளி எறும்போ மற்ற உயிர்கள் பதுங்கும் நண்பகலில் சில நிமிடங்கள் மட்டும் வெளியே ஓடி, வெப்பத்தால் மடிந்த பூச்சிகளைப் பொறுக்குகிறது. அதன் முக்கோண வடிவ மயிர்கள் வெயிலைத் திருப்பியனுப்புகின்றன என்பது 2015இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. இவற்றைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

கேள்வி: மீண்டும் போக நினைக்கிறோம். எப்போது, எங்கே போகலாம்? (மதுரையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் இரு வாசகர்கள்)

பதில்: பறவைகளுக்காக என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. பலோடிக்கு அருகிலுள்ள கீசன் கிராமத்தில், மக்கள் நாள்தோறும் இறைக்கும் தானியத்துக்காக, இமயத்தைக் கடந்து வரும் குர்ஜா கொக்குகள் ஆயிரக்கணக்கில் காலையில் இறங்கும். அவ்வூர் நீர்நிலை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2025 ஜூனில் சேர்ந்தது. பிகானேர் அருகே ஜோர்பீடில், இறந்த கால்நடைகளைக் கொட்டும் இடத்தில் பாறுகளும் (பிணந்தின்னிக் கழுகுகள்) பெருங்கழுகுகளும் கூடுகின்றன. நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முன்பு திருக்கழுக்குன்றத்துக்கு வந்துகொண்டிருந்த மஞ்சள்முகப் பாறுவையும் அங்கே காணலாம்.

பல்லிகளையும் பூத்த கேர்ப் புதரையும் பார்க்க மார்ச். பட்டுப்பூச்சிக்கு ஜூலை, ஆனால் மழையை நம்பிப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள். தேசியப் பூங்காவுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். உள்ளூர் மேய்ப்பர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். சாண்டாவின் துளையையும் பாம்பின் துளையையும் வேறுபடுத்த அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. சந்தையில் 'சாண்டா எண்ணெய்' என்று குப்பியில் எதையாவது நீட்டினால் வாங்காதீர்கள். மூட்டுவலிக்கு அதனால் பயனில்லை, அந்தப் பல்லியைப் பிடிப்பது சட்டப்படி குற்றம்.